புளியங்கொட்டை வண்டி

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால் திலகவதிக்குப் பயமில்லை.

கொல்லையில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டுவாள். பருப்பை எடுத்துப் போட்டுவிட்டு வாசல் பக்கம் காதைக் கொடுப்பாள். கலகலவென்று சத்தம் வரும். அடுத்த கொட்டையை எடுப்பாள்.

கொட்டைத் தோலில் இருக்கிற எண்ணெய் பட்டால் பெரியவர்களுக்கே கை வெந்து உரியும். ஒன்றரை வயதுக் கண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது. தனியாக விடவும் முடியாது.

விட முடியாததற்குக் காரணம் அவன் அப்பன்தான்.

ரகுநாத் கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்தான். திருமயத்தில் நாலு பெரிய மனிதர்களை உட்கார வைத்துக்கொண்டு, பெண்டாட்டி எங்கே வேண்டுமானாலும் இருந்துகொள்ளட்டும், பிள்ளை மட்டும் அப்பத்தாவிடம் வளரட்டும் என்று சொன்னவன்.

அன்றைக்கே அவள் கண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆலங்குடிப் பக்கத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். தூங்கும்போதுகூடத் தன் முந்தானையைப் பிள்ளையின் கையில் முடிந்துகொண்டுதான் தூங்கினாள்.

போன வாரம் அவனே வந்தான். சண்டைக்கு வரவில்லை. ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்தான். பேசியது தப்புத்தான் என்றான்.

சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அவள் அம்மா அமுதவல்லி மருமகனுக்குக் காபி போட்டாள். அது அவன் காதில் விழுந்திருக்கும். சிரித்துக்கொண்டே குடித்தான்.

அப்புறம் வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். வீட்டில் வேண்டாத சாமான் ஏதாவது இருந்தால் கொடு என்றான்.

கத்தாரிலிருந்து பேட்டரி கார் வாங்கி வருகிற ஆள் இவன். அது வந்த அன்றைக்கே பயல் பிரித்துப் போட்டுவிட்டது வேறு விஷயம். இப்போது காலிப் பவுடர் டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டு மூடினான். அவளுடைய தேய்ந்துபோன ரப்பர் செருப்பை அரிவாள்மணையில் வட்டவட்டமாக அறுத்தான். ஒடிந்த குடையின் கம்பியைச் செருகிச் சக்கரம் மாட்டினான்.

கம்பியின் முனை பிள்ளையைக் குத்திவிடும் என்று கல்லில் தேய்த்து, துணியைச் சுற்றி, டேப்பும் ஒட்டினான். அதைப் பார்த்ததும் திலகவதிக்கு மனசு இளகிவிட்டது. கெட்டவனுக்கு இப்படி ஒரு பொறுமை வருமா என்று நினைத்தாள்.

வண்டியில் சணல் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கண்ணனின் அரைஞாண் கயிற்றில் முடிந்தான். பிள்ளை நடந்தால் வண்டி பின்னாலேயே வந்தது. டப்பா குலுங்கிக் குலுங்கிச் சத்தம் போட்டது.

அவளைக் கொல்லையில் போய் உட்காரச் சொன்னான். வழக்கமாகக் கொட்டை உடைக்கிற இடத்திலேயே உட்காரச் சொன்னான். பிள்ளையை நடக்கவிட்டுக்கொண்டு வாசலில் இருந்து கேட்டான்.

"அங்கிட்டு ஒனக்குக் கேக்குதா?"

கேட்கிறது என்றாள். வேப்பமரத்தடியில் இருந்து கேட்டான். அடிபம்பிடம் இருந்து கேட்டான். தெருவாசலை மூடுகிற படல் பக்கம் போனபோது சத்தம் சரியாக வரவில்லை என்று சொன்னாள். டப்பாவைத் திறந்து இன்னும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டை போட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த விளையாட்டு அவளுக்குப் பிடித்திருந்தது.

"சத்தம் கேட்டா பய இருக்கான்னு அர்த்தம். நீ பயப்படாம வேலயப் பாரு."

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவளுடைய பயத்தைப் பற்றி அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களோடு வந்து அழைத்துக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அம்மாவுக்குத் தெரியாமல் திலகவதி சேலைகளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

இன்றைக்கு அமுதவல்லி உடைத்த பருப்பைக் கடையில் போடப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போயிருந்தாள். வீட்டில் தாயும் பிள்ளையும் மட்டும்தான்.

கட்டையால் தட்டினாள். காதைக் கொடுத்தாள். சத்தம் வந்தது.

கொஞ்ச நேரமாகச் சத்தத்தில் ஒரு வேகம் இருந்தது. கண்ணன் நாலு அடி வைப்பான், பொத்தென்று உட்காருவான், மண்ணை அள்ளி வாயில் வைப்பான், அப்புறம்தான் எழுந்திருப்பான். சத்தமும் அப்படித்தான் விட்டுவிட்டு வரும். இன்றைக்கு நிற்கவே இல்லை. வேப்பமரத்தடியில் கேட்டது, சட்டென்று அடிபம்புப் பக்கம் கேட்டது, மறுபடி வேப்பமரத்துக்கே போனது.

பயல் ஓடவே ஆரம்பித்துவிட்டான்.

திலகவதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனை எடுத்து ரகுநாத்தைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது. கையெல்லாம் சாம்பலும் எண்ணெயுமாக இருந்ததால் விட்டுவிட்டாள். முதலில் நாம் பார்த்துவிடுவோம், அப்புறம் அவருக்குச் சொல்லலாம் என்று எழுந்தாள்.

தன்னைக் கண்டால் பிள்ளை ஓடுவதை நிறுத்திவிடுவான் என்று, சுவரை ஒட்டி அடிமேல் அடி வைத்துப் போனாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

வேப்பமரத்தைச் சுற்றி ஓர் ஆட்டுக்குட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அதன் கழுத்தில் சணல் கயிறு கட்டியிருந்தது. பின்னால் வண்டி விழுந்து எழுந்து வந்தது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து குட்டி இன்னும் வேகமாக ஓடியது.

அவர்கள் வீட்டில் ஆடு கிடையாது.

குட்டி தெருவுக்குப் போய்விடாதபடி, யாரோ படலை வெளியே இருந்து இழுத்துக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.