மணியடிக்காத தளபதி

ஒரு கைபேசிக்குள், பழைய கணினியைப் போல நடிக்கும் செயலி ஒன்றில், முப்பது வயதான போர் விளையாட்டு ஒன்று குடியிருந்தது. அதன் தளபதி நகத்தளவே இருந்தார். ஆனாலும் நிமிர்ந்தே நின்றார்.

“முப்பது நாள் திறக்கப்படாத எதையும் நான் நீக்கிவிடுவேன், பெரியவரே,” என்றது கைபேசி. “உமக்கு நாளை மாலை வரைதான் கெடு. பக்கத்திலிருக்கும் புது விளையாட்டைப் பாரும். ‘கோட்டை எரிகிறது, ஓடி வாருங்கள்’ என்று மணிக்கொரு தரம் முதலாளியம்மாவை அழைக்கிறது. நீரும் ஒருமுறை அழைத்தால் என்ன?”

“என் கோட்டை எரியவில்லையே,” என்றார் தளபதி. “அம்மா தம் படையை நகர்த்தும்வரை என் எதிரி ஓரடியும் எடுத்து வைக்க மாட்டான். எரியாத கோட்டைக்காக நான் கூவ மாட்டேன். நீக்குவதானால் நீக்கிக்கொள்.”

புது விளையாட்டு கலகலவெனச் சிரித்தது. “கிழவருக்கு வீம்பைப் பார்!”

மறுநாள் காலை முதலாளியம்மா மங்கையர்க்கரசி ரயிலில் பயணம் செய்தார். மலைப்பாதையில் இணையம் அறுந்தது. புது விளையாட்டைத் தொட்டார்; ‘இணைப்பு இல்லை’ என்றது அது. சலிப்போடு பழைய விளையாட்டைத் திறந்தார்.

ஒரு மாதத்துக்கு முன் அவர் விட்டுச்சென்ற இடத்திலேயே, ஆற்றுப் பாலத்தருகே, படை அணிவகுத்து நின்றது. ஏன் தாமதம் என்று தளபதி கேட்கவில்லை.

“உத்தரவு, அம்மா?” என்றார்.

சமவெளியில் இணையம் திரும்பியது. உடனே புது விளையாட்டின் மணி அலறியது: “கோட்டை எரிகிறது!”

“எரியட்டும்,” என்று சொல்லிவிட்டு, மங்கையர்க்கரசி தம் குதிரைப்படையைப் பாலத்தின்மேல் ஏற்றினார்.