டனலை எலி கடிக்காது

ஹால் கேமராவுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் புருஷன் விட்டுப்போன பழைய லேப்டாப்.

ஒளிந்து செய்கிற வேலை இல்லை இது.

பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும்.

வீட்டு நெட் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கம் திறந்தது. பாஸ்வேர்டு கேட்டது. அடித்தாள்.

இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவன் ஆச்சரியப்படுவான். அன்றைக்கு அதை அடித்ததே இவள்தானே.

அவன் குவைத்தில். இவள் பேராவூரணி வீட்டு ஹாலில், தரையில். அவன் போனில் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். பெரிய எஸ். பெரிய எஸ்ஸுன்னா ஷிஃப்டப் பிடிச்சுக்கணும், தெரியுதா. நெட் கடை ஆள் தானே வந்து போட்டுத் தருகிறேன் என்றுதான் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டான். ஆம்பளை இல்லாத வீட்டுக்குள் அந்நிய ஆள் எதற்கு?

அடேயப்பா, என்ன நம்பிக்கை! பொண்டாட்டிக்குக் கை மட்டும்தான் வேலை செய்யும், தலை செய்யாது என்கிற நம்பிக்கை.

"இதுக்குப் பேரு டனல். நம்ம வீட்டுக்கும் என் ரூமுக்கும் நடுவுல தனிப் பாதை. வேற எவனும் நுழைய முடியாது."

அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனுஷன் தன்னிடம் வர ஒரு வழி போடுகிறான் என்று நினைத்தாள்.

கேமராவுக்கு மாறாத ஐ.பி. அட்ரஸ் ஒன்று போடச் சொன்னான். இல்லாவிட்டால் ரூட்டர் மாற்றி மாற்றிக் கொடுக்குமாம், அவனால் தேடிக்கொண்டிருக்க முடியாதாம். போட்டாள். அவள் போனுக்கும் ஒன்று போடச் சொன்னான். ராத்திரியானால் அந்த அட்ரஸுக்கு மட்டும் நெட் நின்றுவிடும். அதையும் அவளே போட்டாள்.

திருடனுக்காக மாட்டிய கேமரா. இதுவரை ஒரு திருடனையும் அது பார்த்ததில்லை. அவளைத்தான் பார்த்தது.

இன்னும் குளிக்கலையா. இப்ப எதுக்குத் தூக்கம். வாசல்ல யாரோட அவ்வளவு நேரம்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். எதிர்வீட்டு அமுதவல்லி விஷயத்தைத்தான் தாங்க முடியவில்லை.

அமுதவல்லி வந்து உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. அன்றைக்கும் ஏதோ கல்யாண வீட்டுக் கூத்தைச் சொல்ல, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போன் அடித்தது. கைவேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாரு அது, சோபால காலத் தூக்கிப் போட்டுக்கிட்டு? அவளுக்கு வீடு வாசல் இல்லையா?"

அமுதவல்லி காலை இறக்கினாள். கேமராவை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு போனவள்தான். இப்போது தெருவில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாள்.

அவமானம் பிடுங்கித் தின்றது. யாருமே வராத வீட்டில் ஒரு மனுஷி எப்படித்தான் இருப்பாள்? போதும்டா சாமி என்று ஆகிவிட்டது.

வயரைப் பிடுங்கிப் போட்டால் என்ன? பிடுங்கியிருக்கிறாள். எலி கடித்துவிட்டது என்றாள். இன்னொரு நாள் கரண்ட் இல்லை என்றாள். அப்புறம் மழை என்றாள். ஒவ்வொரு பொய்க்கும் ஒரு பொழுது நிம்மதி. அதற்குள் சொந்தத்தில் யாரையாவது அனுப்பிச் சரிசெய்துவிடுவான்.

டனலை எலி கடிக்காது. மழையும் நனைக்காது. யார் செய்தது என்று அவனுக்கு உடனே தெரிந்துவிடும்.

தெரியட்டும் என்றுதான் செய்கிறாள்.

பாஸ்வேர்டை மாற்றினாள். கேமராவின் அட்ரஸை அழித்தாள். தன் போனுக்குப் போட்டதையும் அழித்தாள். கடைசியாக டனல்.

நிச்சயமாக நீக்கலாமா என்று திரை கேட்டது.

இந்த வீட்டில் அவளைக் கேட்டு நடந்த காரியம் இது ஒன்றுதான்.

அழுத்தத் தயங்கினாள். பயம்தான், வேறென்ன. அடுத்த மாதம் லீவில் வருகிறான். வந்து என்ன ஆட்டம் ஆடுவானோ. அந்தப் பயத்தோடுதான் அழுத்தினாள்.

நாற்காலியை விட்டு எழுவதற்குள் போன் வந்துவிட்டது.

"என்னாச்சு? கேமரா வரல. கரண்ட் போச்சா?"

பொய்யை அவனே எடுத்துக் கையில் கொடுக்கிறான், பாருங்கள். ஆமாங்க என்று ஒரு வார்த்தை போதும்.

தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"கரண்ட் இருக்குங்க. டனலை நான்தான் எடுத்தேன்."

அவன் குரல் ஏறியது.

"திமிரா? லேப்டாப்பத் திற. நான் சொல்லச் சொல்ல அடி."

சொல்ல ஆரம்பித்தான். முதல் வரி. அடுத்த வரி. அவள் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டாள்.

"அடிச்சியா?"

"இல்லங்க. அடிக்க மாட்டேன்."

கத்தினான். உங்க அண்ணனுக்குப் போன் போடுறேன் என்றான். போடுங்க என்றாள். நெட்டையே நிறுத்திடுவேன் என்றான். நிறுத்துங்க என்றாள். வந்து வச்சுக்கிறேன் என்றான்.

"வாங்க. வீட்டுக்குத்தானே வர்றீங்க, வந்து நேர்ல பாருங்க."

அவன் போனை வைக்கவில்லை.

அவள் எழுந்து நடந்தாள். நாற்காலி நகர்ந்த சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். வாசல் கதவின் தாழ்ப்பாள் திறந்த சத்தமும்.

"இப்ப என்ன பண்ற?"

குரல் இறங்கியிருந்தது. கேமரா மாட்டியதிலிருந்து அவன் இதைக் கேட்டதே இல்லை.

அவள் வாசலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள்.