கூப்பிட்டால் வருகிறவர்கள்

“அட்மின் பாஸ்வேர்டைச் சொல்லுங்க கிளார்க்கையா.”

வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லப்பட்ட ஒரே விதி, அதைக் கேட்கக் கூடாது என்பதுதான்.

சங்கையா பேனாவைக் கீழே வைத்தார். எங்கள் தேயிலை ஃபேக்டரியின் தலைமை கிளார்க். என் டிகிரி சர்ட்டிஃபிகேட்டில் அப்பா பெயர் இருக்கும் வரியை மட்டும் படித்துவிட்டு எனக்கு நாற்காலி காட்டியவர்.

“ஏ மொக்கையன் மவளே, அத மட்டும் கேக்காதன்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க. ரெண்டு வருசமா கேக்கல. இப்பக் கேக்கேன்.”

வெளியே எடைமேடை முன்னால் கொழுந்து மூட்டைகளோடு பெண்கள் வரிசை. முதல் ஆள் என் அம்மா அழகுத்தாய். மூட்டைக்குள் கொழுந்து சூடேறிக்கொண்டிருந்தது. சூடேறினால் கழிவு என்று தள்ளிவிடுவார்கள். காலையிலிருந்து குனிந்து பறித்தது அத்தனையும் போச்சு.

தராசு நன்றாகத்தான் இருந்தது. அதோடு பேசும் புரோகிராம்தான் செத்துப்போயிருந்தது.

கொன்றவன் ரிஜின். மேனேஜரின் அக்கா மகன். நேற்று ஏதோ வீடியோ பார்த்து, வருகைப்பதிவு ஆப்புக்கு வேண்டுமென்று, புரோகிராம்களை ஓட்டும் பைத்தானில் புதுப் பதிப்பு ஒன்றை இன்ஸ்டால் செய்துவிட்டு, இன்று யாருக்கோ நிச்சயதார்த்தம் என்று போய்விட்டான்.

இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே மூன்று பைத்தான்கள் குடியிருந்தன. வருகிறவன் எல்லாம் ஒன்றைப் போடுவான். எவனும் ஒன்றையும் எடுக்க மாட்டான். எங்கள் எடை புரோகிராம் 2.7-க்கு எழுதியது. பைத்தான் என்று கூப்பிட்டால் வரிசையில் முதலில் நிற்பதுதான் ஓடி வரும். நேற்றுவரை 2.7 நின்றது. இன்று 3.13 நிற்கிறது. அது பழைய புரோகிராமைப் பார்த்ததும், பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி எங்கே என்று கேட்டுப் படுத்துக்கொள்கிறது.

முழு முகவரி சொல்லிப் பழையதையே கூப்பிட்டுப் பார்த்தேன். வந்தது. தராசைத் தொட அனுமதியில்லை என்று திரும்பிவிட்டது.

வரிசையை மாற்ற அட்மின் வேண்டும். அனுமதிக்கும் அட்மின் வேண்டும்.

“நேத்து வந்த ரிஜினுக்கு மட்டும் சொல்லுவீங்க.”

“நான் எங்கட்டி சொன்னேன்? மேனேஜர் எர்ணாகுளத்துல இருந்து போன்ல சொன்னாரு. அங்கன இருந்து சொன்னா ஒண்ணும் ஆவாது.”

“இங்கன இருந்து சொன்னா?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். குரலை இறக்கினார்.

“பெரியவரு வந்துருவாருட்டி.”

எங்கள் பக்கம் யானைக்குப் பெயர் வைப்போம். வைத்த பெயரைச் சொல்ல மாட்டோம். சொன்னால் கூப்பிட்டதாக அர்த்தம். முன்பிருந்த கம்ப்யூட்டர் ஆள், எவனும் வாயைத் திறந்து சொல்ல மாட்டான் என்ற தைரியத்தில், அந்தப் பெயரையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இடுக்கியிலேயே இதைவிடப் பத்திரமான பாஸ்வேர்டு இருக்காது.

எனக்குச் சொல்லாததை அவமானம் என்று நினைத்து ரெண்டு வருடம் வீணாகக் கொதித்திருக்கிறேன்.

“சரி, எழுதிக் காட்டுங்க.”

“எழுதுனாலும் கூப்பிட்டதுதான். இப்ப ஏலக்காட்டுலதான் நிக்காராம்.”

“எந்தப் பெரியவரு? அதையாவது சொல்லுங்க.”

சங்கையா எழுந்தார். இரண்டு கையாலும் காற்றில் ஒரு கேட்டைப் பிடித்தார். முறுக்கினார். மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே அம்மா கத்தினாள்: “ஏட்டி, கொழுந்து வேகுதுட்டி!”

எனக்கு வந்த கோபத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டே உரக்கச் சொன்னேன்.

“கேட்டொடிச்சான்!”

சங்கையா மேஜைக்கு அடியில் போய்விட்டார். போன வேகத்தில் அங்கிருந்த என் பையில் முட்டிக்கொண்டார்.

“இது என்னட்டி மூட்டை?”

“துணி.”

வெளியே வரிசையைக் காணோம்.

பாஸ்வேர்டு சரி. நான் அட்மினாக உள்ளே நுழைந்தேன். 2.7-ஐ இழுத்து முன்னால் நிறுத்தினேன். தராசைத் தொட அனுமதி கொடுத்தேன். கூப்பிட்டேன்.

யானை வரவில்லை. 2.7 வந்தது.

திரையில் முதல் எடை விழுந்தது. நூற்று இருபத்தொரு கிலோ.

எட்டிப் பார்த்தேன். அது கொழுந்து இல்லை. அம்மாவும் காளியாத்தாள் அக்காவும் எடைமேடைமேல் ஏறி ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“எறங்கி மூட்டைய வைங்க!”

வைத்தார்கள். எடை விழுந்தது. அடுத்த மூட்டை. அதற்கடுத்தது. ஒரு இலை கழியவில்லை.

சங்கையா மெதுவாக வெளியே வந்து வேட்டியைத் தட்டினார்.

“மொதல்ல அந்தப் பேர மாத்து. அவரு பேரு இனி இந்தப் பெட்டிக்குள்ள இருக்கப்பிடாது. எல்லாருக்கும் சட்டுனு வாயில வர்ற மாதிரி ஒரு நல்ல பேராப் போடு.”

போட்டேன். மேஜைக்கு அடியிலிருந்து பையை இழுத்தேன். என்னைத் தற்காலிகமாகவே வைத்துக்கொண்டு ரிஜினை நிரந்தரமாக்கினார்களே, அன்றைக்கே கட்டிய பை. மதியம் மலையிறங்கும் போடி பஸ் இருக்கிறது.

“பையத் தூக்கிக்கிட்டு எங்கட்டி போற? என்ன பேரு போட்ட, அதச் சொல்லிட்டுப் போ!”

“என் பேருதான் கிளார்க்கையா. ரெண்டு வருசமா உங்க எதுத்தாப்புலதான இருக்கேன்.”

படியிறங்கினேன்.

பின்னால் அவர் அவசரமாக என்னைக் கூப்பிட்டார்.

“ஏ, மொக்கையன்…”

அதற்குமேல் அவருக்கு எதுவும் வரவில்லை. பெரியவர் எப்போதோ முறுக்கி, ஃபேக்டரிக்காரர்கள் நிமிர்த்திய கேட்டைத் திறந்துகொண்டு நான் நடந்தேன்.