கழுத்திலிருந்து கால்வரை

மகளுக்குச் சிரங்கு மூன்றாவது தடவையாக வந்திருந்தது. விரலிடுக்கையெல்லாம் சொறிந்து புண்ணாக்கி வைத்திருந்தாள். இந்த முறை விடுவதில்லை என்று களிம்போடு கணவர் முன்னால் வந்து நின்றாள் அம்மா.

"சட்டையைக் கழட்டுங்க. கழுத்துல இருந்து கால் வரைக்கும் தடவணும்."

"எனக்குத்தான் அரிக்கவே இல்லையே!"

"அரிக்காட்டியும் தொத்தியிருக்கும். வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல தடவணும். ரெண்டு தடவையும் நீங்க டிமிக்கி குடுத்தீங்க, குழந்தை அனுபவிக்கிறா."

"பிசுபிசுன்னு இருக்கும்மா. அதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றது."

"அப்படியா? சரி, நாளைக்கு உங்க கிளினிக்குக்கு வர்ற அம்மாக்கள்கிட்ட நானே சொல்லிடறேன், டாக்டர் எழுதிக் குடுக்கறதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்குன்னு."

குழந்தைகள் தோல் மருத்துவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.