பாரமான கிளட்ச்

குழல்விளக்கின் வெளிச்சத்தில், கொழும்பு பஞ்சிகாவத்தையில் கார் உதிரிப்பாகக் கடையொன்றின் கண்ணாடி மேசையில் இரண்டு கிளட்ச் தட்டுகள் கிடக்கின்றன. ஒன்று முழுவட்டம், மண்ணிறம். மற்றதில் நான்கு செப்புத் துண்டுகள், கடைவாய்ப் பற்களைப்போல. என் கணவன் கார்த்திகன் செப்பையே தடவிக்கொண்டிருக்கிறான். அவன் டர்போ பூட்டிய காரில் வெள்ளவத்தையிலிருந்து பொரளைக்கு வேலைக்குப் போய்வருவது நான். போன கிழமை அவனோடு சண்டைபிடித்து, அதே காரில் கொட்டாஞ்சேனைக்கு அம்மாவிடம் போய்விட்டேன். நான் திரும்பி வந்த பிறகுதான் கிளட்ச் மாற்றும் யோசனை அவனுக்கு வந்தது.

“அண்ணன், இது ரேஸுக்கு. காலி ரோட் டிராஃபிக்ல மிதிச்சு மிதிச்சு மிஸ்ஸுட கால் கழண்டுரும்,” என்று கடைக்காரர் ஸமீம் மண்ணிறத் தட்டை முன்னே தள்ளுகிறார். “இதுவும் டர்போவைத் தாங்கும். மிதிக்க லேசு.” கார்த்திகன் என்னைப் பார்க்காமலே சொல்கிறான்: “பாரமானதையே போடுங்கோ. இவ இனி எங்கயும் ஓடமாட்டா.” காரை ஓட்டுவதற்கும் வீட்டை விட்டு ஓடுவதற்கும் எங்கள் பேச்சில் ஒரே சொல்தான். ஸமீம் சிரிக்கிறார். கார்த்திகன் சிரிக்கவில்லை. “லேசானதைப் போடுங்கோ, நானா,” என்கிறேன். “நான் ஓடுவன்.” கார்த்திகன் சாவிக்காகக் கையை நீட்டுகிறான். சாவி என் பிடிக்குள் சூடேறிக்கொண்டிருக்கிறது. அவனுடைய கை, இரண்டு தட்டுகளுக்கும் நடுவே, வெறுமையாக விரிந்து கிடக்கிறது.