பின் சீட்டில் மூன்று பேர்

“பின்னால ஆளு உக்காருவாங்களாங்க?”

அவள் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

டயர்க்கடைச் சென்னியப்பன் காரின் கதவைத் திறந்து, கதவு வந்து மூடும் இடத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் துடைத்தார். கம்பெனி கொடுத்த அளவு அதில் இருந்தது. 145/80, பன்னிரண்டு அங்குலம்.

அவள் கையிலிருந்த துண்டுச் சீட்டில் 155/80, பதின்மூன்று அங்குலம். வீட்டு வாசலில் குனிந்து, ஓடித் தேய்ந்த டயரைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தது.

பழைய கார் வாங்கிய எல்லாரும் செய்கிற தப்புதான். காரோடு முன்பு வைத்திருந்தவரின் ஆசையும் சேர்ந்து வந்துவிடுகிறது. இதை வைத்திருந்தவர் கல் குவாரிக்காரர். வண்டியின் அடி கல்லில் தட்டக் கூடாது என்று சக்கரத்தையே பெரிதாக மாற்றி வண்டியைத் தூக்கி வைத்துவிட்டார்.

“ஒத்தையாப் போறதுன்னா இதே சைஸுல புதுசு போட்டுக்கலாங்க. உசரமா, ஜம்முனு இருக்கும். பின்னால மூணு பேரு ஏறுனா வண்டி அமுங்கி டயரு உரசும். அதுக்கு அந்த எம்பதுக்குப் பதிலா அறுவத்தஞ்சு போடோணும். இதே வீலுக்கு வரும், உசரந்தான் கொறையும். எதுன்னு நீங்கதான் சொல்லோணும் அம்மிணி.”

கார் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பின் சீட்டில் பரீட்சைத் தாள் கட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. மனிதர்கள் உட்கார்ந்ததில்லை. கணவன் எப்போதாவது வந்தால் முன்னால் உட்காருவான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வருகிறார்.

அவளைப் பார்க்க என்று சொல்லிவிட முடியாது. ஆஞ்சநேயரைப் பார்க்க வருகிறார். பதினோரு வருடமாக அவள் வாழும் நாமக்கல்லின் பேச்சையே வீட்டில் எடுக்க விடாத மனிதருக்குத் திடீரென்று நாமக்கல் ஆஞ்சநேயர் மேல் பக்தி பொங்கிவிட்டது.

அம்மா போனில் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். “நானும் தங்கச்சியும் கூட வாரோம். கோயிலுக்குன்னுதான் அப்பா சொல்லுதாவ. ஒன் வீட்டுக்குன்னு வாயத் தொறக்கல, கேட்டியா.”

அவள் இக்னேஷியஸைக் கட்டிக்கொண்ட அன்று மூடிய வாய் அது.

போன வருடம் புது வீட்டுக்குக் குடிவந்தபோதும் இப்படித்தான். வந்தாலும் வருவோம் என்றார்கள். மூன்று பாய், மூன்று தலையணை வாங்கிவிட்டாள். பாய்கள் கட்டுப் பிரிக்காமல் பரணில் கிடக்கின்றன.

பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைக்காதே என்பார்கள். அவள் பெயரும் வைத்து, காதுகுத்துக்கு நாளும் பார்க்கிற ஜாதி. பட்டும் புத்தி வராது.

இந்த முறை அவளுக்குப் பயமாக இருந்தது. மூன்று பேருக்கு என்று டயரை மாற்றி, காலிச் சீட்டோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்ப அவளால் முடியாது.

“தெரியலைங்க,” என்றாள்.

தெரியவில்லை என்று சொன்னவர்களைச் சென்னியப்பன் அப்படியே விடுகிறவர் இல்லை. கடை நிழலில் பஞ்சருக்காகக் காத்திருந்தவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். ஒரு லாரி டிரைவர். கல்யாணத்துக்குப் போகும் வழியில் டயர் இறங்கி நின்றுவிட்ட வயதான கணவன், மனைவி.

“ஏனுங்க, செத்த நேரம் இந்த வண்டில ஏறி உக்காருங்க. உரசுதான்னு பாத்துரலாம்.”

எடைமேடை வரை போய்த் திரும்ப வேண்டும். வழியில் ஒரு வேகத்தடை.

மூன்று பேரும் நகர்ந்து நகர்ந்து இடம் பண்ணி உட்கார்ந்தார்கள். வண்டி பின்பக்கம் அமுங்கியது. காருக்குள் மல்லிகைப்பூ வாசம் நிறைந்தது. யாருடைய முழங்காலோ அவள் சீட்டின் முதுகில் முட்டியது.

அவள் கிளம்பினாள்.

தினமும் கண்ணாடியில் பின்னால் வரும் ரோடு தெரியும். இன்று ரோடு தெரியவில்லை. மூன்று தலைகள்தான் தெரிந்தன.

“மெதுவாப் போ கண்ணு. எனக்குக் காருன்னாலே வயித்தப் பொரட்டும்,” என்றாள் அந்த அம்மாள்.

அம்மாவும் இதைத்தான் சொல்வாள்.

அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு நாளும் ஓட்டாத அளவுக்கு மெதுவாக ஓட்டினாள். சைக்கிள்காரர் ஒருவர் முந்திக்கொண்டு போனார்.

வேகத்தடை.

பின்னால் கர்ரென்று உரசியது. லாரி டிரைவர் “அட” என்றார்.

எடைமேடையில் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் உரசியது. இனி யோசிக்க ஒன்றும் இல்லை. அறுபத்தைந்துதான். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

கடை வந்துவிட்டது.

சென்னியப்பன் ஜன்னலில் குனிந்தார். “என்னங்க அம்மிணி, உரசுச்சா?”

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். லாரி டிரைவரின் கை கதவுப் பிடியில் இருந்தது.

“சரியாக் கேக்கலைங்க,” என்றாள். “இன்னொருக்காப் போயிப் பாத்துட்டு வந்தர்றேன்.”

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி அவர் தொடையில் ஒரு இடி இடித்தாள்.

“எங்களுக்கும் கேக்கல கண்ணு,” என்றாள். “நீ போ.”