துணியின் முன்பக்கம்

"நல்லா ஊத்துங்க பளீல். சொட்டச் சொட்ட நனையோணும்."

மக்கீன் மாஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காய்ந்த துணியில் விழும் வெளிச்சம் நூலில் மோதிச் சிதறி, பாதிக்குமேல் வந்த வழியே திரும்பிவிடும். நனைத்துவிட்டால் நூலுக்கும் நூலுக்கும் இடையே தண்ணீர் நிரம்பிக்கொள்ளும். வெளிச்சம் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். ஒரே படத்தை இரண்டு பக்கமும் இருந்து பார்க்கலாம்.

அந்தத் தந்திரத்தால்தான் இன்று பெண்களும் படம் பார்க்கப்போகிறார்கள்.

பள்ளிக்கூட முற்றத்தின் நடுவே, இரண்டு தென்னைகளுக்கிடையில், மருதமுனைத் தறியில் நெய்த வெள்ளைத் துணி விறைப்பாக நின்றது. ஆண்கள் முன்பக்கம், பெண்கள் பின்பக்கம். பள்ளிவாசல் தலைவர் மீராமுகைதீன் ஹாஜியார் போட்ட முதல் நிபந்தனை அது. ஒலிபெருக்கியில் பெண் குரல் கேட்கக் கூடாது என்பது இரண்டாவது. ஏதாவது கோணலானால் கல்முனையில் இதுவே முதலும் கடைசியுமான திரையிடல்.

படம் வியட்நாமில் எடுத்தது. படப்பெட்டி காலையில்தான் கொழும்பு பஸ்ஸில் வந்திறங்கியது.

ஒரு வாரமாக மாஸ்டருக்கு வேறு பேச்சில்லை. அந்த மனிதர்கள் யுத்தத்துக்கு நடுவே காட்டுக்குள் வைத்தே படச்சுருளைக் கழுவியவர்கள் என்பார். புரொஜெக்டரைச் சுமந்து ஊர் ஊராகப் போனவர்கள் என்பார். பிறநாட்டுப் படம் வந்தால் அங்கே ஒருவர் மைக்கோடு உட்கார்ந்து, கிழவனுக்கும் குழந்தைக்கும் காதலிக்கும் தானே பேசுவாராம். இன்று அந்த ஒருவர் மக்கீன் மாஸ்டர். படத்தின் ஒலியை நிறுத்திவிட்டு, திரையின் அடியில் ஓடும் இங்கிலீஷ் எழுத்தை வாசித்துத் தமிழில் சொல்லப்போகிறார்.

"அங்க அந்த வேலையப் பொம்புளைகளும் செய்யிறாங்களாம்" என்று நதீரா சொல்லிப் பார்த்தாள்.

நதீரா அவர் மனைவி. அதே பள்ளியில் புவியியல் படிப்பிக்கிறாள். இங்கிலீஷை அவரைவிட வேகமாக வாசிப்பாள். மாஸ்டரும் போய் ஹாஜியாரிடம் கேட்டார். இரண்டாவது நிபந்தனை அப்படிப் பிறந்ததுதான்.

அவள் முகம் சுளிக்கவில்லை. புரொஜெக்டருக்கு இடம்கூட அவளே காட்டினாள். பெண்கள் பக்கத்து அலுவலக அறையில் மட்டும்தான் பிளக் இருக்கிறதாம். புரொஜெக்டர் ஓட்டும் பளீல் அறைக்குள் நின்றபடி ஜன்னல் வழியே வெளிச்சத்தை விடுவான். ஒலிபெருக்கி கார் பேட்டரியில் ஓடும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

மஃரிப் தொழுகை முடிந்து இருட்டியதும் துணி உயிர்பெற்றது.

ஓர் ஆறு. ஆற்றை ஒட்டி நெல்வயல். எருமைகள்.

"இது நம்மட சம்மாந்துறை வயல்கண்டம் எலுவா?" என்றார் நெல் வியாபாரி மீராசா. ஆண்கள் விசிலடித்தார்கள். துணிக்கு அப்பால் வளையல்கள் சலசலத்தன.

எழுத்து வந்தது. மாஸ்டர் மைக்கை உயர்த்தி வாயைத் திறந்தார்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

எழுத்துகள், கண்ணாடியில் பார்ப்பதுபோல, வலமிடம் புரண்டு கிடந்தன. ஒன்றை அவர் கூட்டுவதற்குள் அடுத்தது வந்தது. ஒரு வாரமாகத் தண்ணீரைப் பற்றியே யோசித்தவர், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று யோசிக்கவில்லை.

"மாஸ்டர், படத்த நாங்க பாக்கிறம். கதைய ஆரு சொல்ற?" மீராசாதான்.

அந்த நேரம் பார்த்துப் படத்தில் ஒரு குடும்பம் சாப்பிட உட்கார்ந்தது. குச்சியால் சோறு தின்பதைக் கூட்டம் மன்னித்திருக்கும். ஆனால் தாயும் பிள்ளைகளும் ஒருவர் மிச்சமில்லாமல் இடக்கையால் தின்றார்கள்.

"யா அல்லாஹ், ஒரு முழு நாடுமா இடக்கையால திங்கிது?"

சிரிப்பு எழுந்தது. பின்னாலேயே முணுமுணுப்பும் எழுந்தது. ஹாஜியார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அவர் வாசலைத் தாண்டினால் எல்லாம் முடிந்தது. மறுபக்கம் ஓடிப்போய் வாசிக்கலாம் என்றால் அங்கே பெண்கள். மாஸ்டர் குந்தினார். ஈரத்துணியின் விளிம்பைத் தூக்கி, மைக்கை வயரோடு அந்தப் பக்கம் தள்ளினார்.

ஒரு கை அதை உடனே வாங்கிக்கொண்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்." நதீராவின் குரல் முற்றம் முழுக்கப் பரவியது. "அவங்க சோத்துக்கையாலதான் திங்கிறாங்க. வெளிச்சம் எங்கட பக்கத்தால வருது. நீங்க துணிக்குப் பின்னுக்கு இருந்து பாக்கிறீங்க."

துணிக்கு அப்பால் பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள்.

ஹாஜியார் தன் வலக்கையைத் தூக்கிப் பார்த்தார். துணியைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார்.

"அப்ப நாங்களா பின்னுக்கு?"

அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"சரி, கதையச் சொல்லு புள்ள."

நதீரா சொன்னாள். கடல் கடந்து வேறு தேசம் போய்விட்ட மூத்தவனாக, போருக்குப் போன இளையவனாக, வெள்ளத்தில் நெல்மூட்டைகளை ஒற்றை ஆளாகப் படகேற்றும் தாயாகப் பேசினாள். எருமைத் தரகனாகவும் பேசினாள். அவன் குரலுக்கு மீராசாவே கைதட்டினார். வெள்ளம் வந்தபோது, எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியைக் கண்ட அந்த முற்றத்தில் இரண்டு பக்கமிருந்தும் "யா அல்லாஹ்" என்ற குரல் எழுந்தது.

படம் முடிந்ததும் ஹாஜியார் கேட்டது ஒன்றைத்தான்: அடுத்த பெட்டி எப்போது வரும்?

மாஸ்டர் துள்ளாத குறையாக ஆட்கள் உட்கார்ந்திருந்த வாங்குகளைத் தூக்கிக்கொண்டு, ஆண்கள் பக்கத்து விறாந்தைக்குப் போனார். அங்கே சுவரில் உலக வரைபடம் தொங்கியது. நேற்றுவரை அது நதீராவின் வகுப்பறையில் இருந்தது. மேலே புது ஆணி.

கடற்காற்று அதன் அடியைத் தூக்கியது.

சுவரில் ஒரு பிளக் இருந்தது.

மாஸ்டர் சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். சின்னச் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

முற்றத்தில் நதீரா ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். அவர் சுவிட்சை அணைத்தார். உலகப்படத்தை இழுத்து நேராக்கினார்.

"நதீரா, அடுத்த படத்துக்கும் இது இஞ்சயே இருக்கட்டுமா?"

அவள் நிமிரவில்லை.

"ஓம். காத்துக்குப் பறக்காம கீழயும் ஒரு ஆணி அடிச்சிவிடுங்க."